கங்கோங்கை அடியோடு அறுக்கக் கூடாது

புதிதாக வரும் ஆசிரியர் முதல் நாள் எல்லாரையும் எழுப்பி ஊர் கேட்பார். ஒருவன் ஈப்போ என்பான், ஒருவன் செம்மோர் என்பான், ஒருவன் சுங்கை சிப்புட் என்பான். என் முறை வந்தால் நான் "ஊலு கிந்தா சார்" என்று மழுப்புவேன். பின்பெஞ்சுக்காரன் விடமாட்டான். "பொய் சார், அவன் தஞ்சோங் ரம்புத்தான் சார்!" வகுப்பே சிரிக்கும். சில சமயம் ஆசிரியரும் சிரிப்பார்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னைக்காரர்கள் வாயில் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு தஞ்சோங் ரம்புத்தான் அப்படி. பேராக்கில், ஈப்போவுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்துச் சிற்றூர். அங்கே 1911-இல் ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். 1971-இல் அதற்கு 'பகாகியா' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆகிறது. கேலி மட்டும் பழைய பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா அந்த ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். நான் பிறந்தது 1957. பதினேழு வயதுவரை ஊழியர் குவாட்டர்ஸில்தான் வளர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் மாடிக் கட்டடத்தை நினைக்காதீர்கள். தாழ்ந்த கூரை போட்ட வார்டுகள், புல்வெளிக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்குச் சைக்கிளில் போவார்கள். கிழக்கே நிமிர்ந்தால் கோர்பு மலை. தீபகற்பத்தில் அதைவிட உயரமான மலை ஒன்றுதான் உண்டு. காலையில் பாதிக்கு மேல் மேகம் மூடியிருக்கும். அந்த மேகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்று அப்பா முடிவு செய்வார்.

ஏனென்றால் அவருக்குப் பெரும்பாலும் தோட்ட வேலை. வார்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காய்கறிப் பாத்திக்குப் போவார். கங்கோங் என்கிற வள்ளைக்கீரை, சாவி என்கிற சீனக் கீரை, தண்டுக்கீரை, பயித்தங்காய், கத்தரி. ஓரமாக மரவள்ளியும் வாழையும். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. போத்தலைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒருநாளும் நான் அப்படித் திரும்பியதில்லை.

முதலில் என் மனதில் பதிந்தது கொட்டகையில் நடக்கும் எண்ணிக்கை. மண்வெட்டியை நாங்கள் சங்குல் என்போம். அது எத்தனை, அரிவாள் எத்தனை, பூவாளி எத்தனை என்று வேலைக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். அதை எண்ணியது அப்பா இல்லை. வயதான ஒரு சீனர் எண்ணுவார். அப்பா அவரை 'அப்பேக்' என்று கூப்பிடுவார், சீனப் பெரியவர்களை ஊரே அப்படித்தான் கூப்பிடும். "யாட், யீ, சாம், செய்..." என்று கண்டனீஸில் ஒவ்வொரு பிடியையும் தொட்டுத் தொட்டு எண்ணுவார். கருவிகள் முடிந்ததும் ஆட்களையும் எண்ணுவார். அப்பாவின் தோளையும் தொட்டு ஒரு எண் சொல்வார். நான் நின்றால் எனக்கும் ஒன்று உண்டு. என்னைச் சேர்த்ததால் கணக்கு ஒன்று கூடிவிட, முதலிலிருந்து மறுபடி எண்ணிய நாட்களும் உண்டு. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பார்.

கருவியை எண்ணுவது பாதுகாப்புக்காகத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணுகிற பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. உன்மேல் சந்தேகப்பட்டு ஒருவன் எண்ணினால் ஒரு மாதிரி இருக்கும். நீயே எண்ணி "சரியாக இருக்கிறது" என்று சொன்னால் வேறு மாதிரி. இதையெல்லாம் அப்பா எனக்கு விளக்கியதில்லை. அவர் அதிகம் பேசாத ஆள். நானாகப் பின்னால் புரிந்துகொண்டது.

அதே மாதிரி இன்னொன்று. யாருக்கு எந்தப் பயிர் என்பதை அப்பா யோசித்துத்தான் கொடுப்பார். வார்டிலிருந்து முதல்முறை வெளியே வருபவருக்குக் கங்கோங். விதை போட்ட மூன்று நான்கு நாளில் முளை தெரியும், ஒரு மாதத்துக்குள் அறுக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு நாலு நாள் என்பதே நீண்ட காலம், அதற்கு மேல் காத்திரு என்றால் காத்திருக்கமாட்டார் என்பது அப்பாவின் கணக்கு. கொஞ்சம் நிலைப்பட்டவர்களுக்குப் பயித்தங்காய். ஒன்றரை மாதம் ஆகும், கொம்பு நட வேண்டும், கொடியைத் தினமும் பார்த்து ஏற்றிவிட வேண்டும். மரவள்ளிக் குச்சியை யார் கையிலும் அவசரமாகக் கொடுக்கமாட்டார். அது ஒன்பது பத்து மாதப் பயிர். குச்சியைக் கொடுப்பது 'பத்து மாதம் நீ இங்கேதான் இருப்பாய்' என்று சொல்வது போல ஆகிவிடும் என்பார். அவர் பேசிய மிகச் சில நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

எங்கேயோ ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தமிழர் ஒருவர் அந்தக் கும்பலில் இருந்தார். அப்பா அவரை 'அண்ணே' என்பார். தின்ற ரம்புத்தான் கொட்டையை அவர் வாய்க்கால் ஓரம் ஊன்றினார், அது மரமாகிவிட்டது. ஒரு வருஷம் காய்த்தது. முதல் பழத்தைப் பறித்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தின்னாமல், ஜன்னல் விளிம்பில் வைத்தார். இரண்டு நாளில் மயிர் கறுத்துச் சுருங்கி, எறும்பு வந்தது. "தூக்கிப் போடலாமில்ல" என்று அம்மா கேட்டபோது அப்பா சொன்னார்: "அந்த மரத்துக்கு ஏழு வயசு." அம்மா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அன்று விளங்கவில்லை. பழத்தை வீணாக்கிவிட்டாரே என்றுதான் வருத்தம்.

இனி என் பங்குக்கு நான் செய்த கேவலம். பதினோரு வயதிருக்கும். கும்பலில் ஒருவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். கை ஆடாது, விரல் மட்டும் நடுங்கும். முகத்தில் அசைவே இருக்காது. குவாட்டர்ஸ் பையன்கள் நடுவே நான் அவர் மாதிரி நடந்து காட்டினேன். நல்ல கைதட்டல். திரும்பினால் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடிக்கவில்லை. மறுநாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது, "இவரோட சேர்ந்து அந்த வரிசையை ஊனு" என்றார்.

பயித்தங்காய் விதை. கருஞ்சிவப்பாக, விரலுக்கு அகப்படுகிற பெரிய விதை. ஒரு சாண் இடைவெளியில் குழி, குழிக்கு இரண்டு. அவர் ஒரு விதையை எடுக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. எடுத்ததும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அது ஆடும். குழிக்கு மேலே கையைக் கொண்டுவந்து, ஆட்டம் நிற்பதற்காகக் காத்திருந்து, போடுவார். நான் என் வரிசையை வேகமாக முடித்துவிட்டு அவருக்கு உதவப் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அந்த வரிசையை அவரே முடித்தார். ஒரு வாரத்தில் இரண்டு வரிசையும் முளைத்தபோது என்னுடையதில் ஏகப்பட்ட சந்து. அவசரத்தில் ஆழமாக அழுத்திவிட்டேன். அவருடையது கோடு போட்ட மாதிரி நின்றது.

அந்த நடையும் நடுக்கமும் பல சமயம் நோயால் வருவதில்லை, மருந்தால் வருவது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1950களில் வந்த குளோர்புரோமசின் மருந்தை எங்கள் பக்கம் லார்காக்டில் என்பார்கள். காதில் குரல் கேட்பதையும் கட்டுக்கடங்காத பதற்றத்தையும் அது அடக்கியது. கூடவே பார்க்கின்சன் நோய் மாதிரி விறைப்பையும் நடுக்கத்தையும் கொடுத்தது. மருந்தியல் தெரியாவிட்டாலும் அப்பா கையைப் பார்த்து விதை கொடுப்பார். நடுங்குகிற கைக்குப் பயித்தங்காய், மரவள்ளிக் குச்சி. தூள் மாதிரி இருக்கிற கீரை விதை வேண்டாம். கீரைதான் விதைக்க வேண்டும் என்றால் ஒரு பிடி விதைக்குப் பத்துப் பிடி மணல் கலந்து கொடுப்பார், கை நடுங்கினால் இன்னும் பரவலாக விழும்!

அறுத்த கீரை சமையற்கட்டுக்குப் போகும். அடைத்து வைத்த இடத்தில் தட்டில் என்ன விழுகிறது என்பது சாதாரண விஷயமில்லை. இதற்கு எங்கள் நாட்டிலேயே பழைய கதை ஒன்று உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் திறப்பதற்கு முன், 1905 கடைசியில், கோலாலம்பூர் மனநல மனையில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை ஒற்றைப்படை இரட்டைப்படையாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, இன்னொரு பாதிக்குப் புழுங்கல் அரிசி போட்டார். தீட்டிய பச்சரிசி தின்ற 120 பேரில் 43 பேருக்கு, பி1 வைட்டமின் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்குகிற பெரிபெரி நோய் வந்தது, 18 பேர் செத்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய், அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். யாரும் சாகவில்லை. தோட்டத்துத் தமிழர்களை பெரிபெரி ஏன் அவ்வளவாக அண்டவில்லை என்பதற்கும் அந்தப் புழுங்கல் அரிசிதான் பதில். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மருத்துவ உலகுக்குப் பெரிய கண்டுபிடிப்புதான். ஆனாலும் அந்தப் பதினெட்டுப் பேரை யாரும் 'சம்மதமா' என்று கேட்டிருக்கமாட்டார்கள் என்பது எனக்கு உறுத்தும்.

சம்மதம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் அந்தக் காலத்துப் பெரிய மனநல மனைகள் பலவற்றுக்குப் பண்ணை இருந்தது. வேலை மருந்து என்றார்கள். அந்த மருந்தை வைத்தே மனையின் சாப்பாட்டுச் செலவையும் குறைத்துக்கொண்டார்கள். இரண்டும் உண்மை. அமெரிக்காவில் 1973-இல் ஒரு நீதிமன்றம், நோயாளி செய்யும் வேலையால் நிறுவனத்துக்கு லாபம் உண்டென்றால் அவருக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. அதற்குப் பிறகு அங்கே பண்ணைகளை நடத்துவது கட்டுப்படியாகாமல் போயிற்று. வேலையே இல்லாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைப்பது அதைவிட மேலா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பண்ணையைப் புனிதமாக்கிப் பேசுபவர்களிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு எனக்கு வர இஷ்டமில்லை என்று சொல்ல முடிந்ததா?

இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவன், என் வீட்டில் அதே நிலைமை வந்தபோது ஒன்றையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

1994. நாங்கள் ஈப்போ புந்தோங்கில் இருந்தோம். என் மனைவியின் தம்பிக்கு இருபத்தெட்டு வயது. வேலையை விட்டான், அறைக்கதவைச் சாத்தினான், சுவரோடு பேசினான். ஸ்கிட்சோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்சம் அடங்கியதும் எங்களோடு கூட்டிவந்தோம். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பான். எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா கிடக்காதே, எழுந்து போய் பின்னாடி கொத்து" என்று சங்குலைக் கையில் திணித்தேன். மணி பதினொன்று, நல்ல வெயில். ஒரு மணி நேரம் கொத்தினான். சாயங்காலம் கழுத்தும் முன்கையும் பழுத்த தக்காளி மாதிரி சிவந்து, இரவெல்லாம் எரிச்சல். தலைசுற்றல் வேறு.

மறுநாள் டாக்டர் என்னைத்தான் திட்டினார். குளோர்புரோமசின் எடுப்பவர்களுக்குத் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும், உடம்பு சூட்டைத் தணிக்கிற சக்தியும் குறையும், உட்கார்ந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும். லித்தியம் என்ற இன்னொரு மனநல மருந்தை எடுப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் வியர்க்க வியர்க்க வேலை செய்தால் மருந்து ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறும். அப்பா தன் ஆட்களை ஒன்பதரைக்கு நிழலுக்கு வரச்சொன்னதும், எல்லாருக்கும் தொப்பி மாட்டிவிட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அன்று முதல் காலை ஏழரையிலிருந்து ஒன்பது, மாலை ஐந்தரைக்கு மேல், அவ்வளவுதான். நீளக் கை சட்டை, தொப்பி, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். மருந்து மாறினால் 'இதற்கு வெயில் ஆகுமா' என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது.

சொன்னால் அவன் எழமாட்டான் என்பதும் அந்த வாரமே புரிந்தது. அப்பா ஒருநாளும் "வேலை செய்" என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் பாட்டுக்கு ஒரு பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்க ஆரம்பிப்பார். ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவார், பிறகு இன்னொருவர். நானும் கதவைத் தட்டுவதை நிறுத்தினேன். அவன் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பாத்தி போட்டு, தினமும் காலையில் தனியாக வேலை பார்த்தேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பதினாறாம் நாளோ என்னவோ, வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்கு மறுவாரம் பூவாளியை எடுத்தான். கங்கோங்கில்தான் ஆரம்பித்தோம்.

உறவுக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா இருக்கானே, மாத்திரை எதுக்கு, நிறுத்திடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் பார்த்தவரை இதைவிட ஆபத்தான அறிவுரை கிடையாது. பாத்தி வேலை செய்ய முடிகிறது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டரிடம் பேசி நடக்க வேண்டியது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். களைக்கொல்லி, பூச்சிமருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள். பூட்டி வைக்கிறேன் என்பதும் வேண்டாம். தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்திலும் ஒரு கதை இருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் மலேசியாவில் தடை வந்தது, நல்லதாயிற்று. வீட்டுப் பாத்திக்குக் கையால் பிடுங்கினால் போதும். சொல்லப்போனால் களை பிடுங்குவதுதான் மனதுக்கு மிகவும் ஒத்துப்போகிற வேலை. தவறு செய்ய வழியே இல்லை, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். வார்த்தையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், சாக வேண்டும் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், பாத்தியை நம்பிக்கொண்டு இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். இடையில் இரண்டு முறை நாங்கள் அப்படிப் போயிருக்கிறோம். இரண்டு முறையும் பாத்தி காய்ந்து போயிற்று. பரவாயில்லை, திரும்ப விதைத்தோம்.

விளைச்சல் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் நான் முதலிலேயே தீர்த்துவிட்டேன். கீரைக் கட்டை அவனே அக்கம்பக்கத்தில் கொடுப்பான், காசு அவனுக்கு. எங்கள் சமையலுக்கு எடுத்தாலும் என் மனைவி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. அக்காவும் தம்பியும் விலைக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்ட அன்றுதான் எனக்கு அவன் தேறிவிடுவான் என்று தோன்றியது. வர இஷ்டமில்லாத நாளில் அவன் வருவதில்லை, நானும் ஏன் என்று கேட்பதில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

அப்பா 2003-இல் போய்ச்சேர்ந்தார். கடைசி வருஷங்களில் வந்தால் நேராகப் பின்பக்கம் போய்விடுவார். இருவரும் பாத்தி ஓரத்தில் குந்திக்கொண்டு, மணிக்கணக்கில் பேசாமல் வேலை பார்ப்பார்கள். என்னோடு இருப்பதைவிட அவனோடு அவருக்கு இலகுவாக இருந்தது என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்போது அவனுக்கு அறுபது. போன வாரம் அவனுக்குக் காய்ச்சல் என்று நான் கீரை அறுத்தேன். மத்தியானம் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"மச்சான், அடியோட அறுத்துட்டீங்களே. ரெண்டு விரக்கட விடணும்னு எத்தனை தடவ சொல்றது? பெரியவர் இருந்திருந்தா உங்கள உள்ள விட்டிருப்பாரா?"

அரிவாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான்.